ஜனவரியில் மனை பார்க்கப் போனோம்

மூன்று வருஷமாக என் மனைவி கல்பனாவுக்கு ஒரே கனவு: மலையில் ஒரு மரவீடு. ஆஸ்லோவில் அவள் ஆபீஸில் முக்கால்வாசிப் பேரிடம் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே மாயமாகிவிடுவார்கள். நமக்கும் வேண்டாமா என்பாள். நான் மதுரைக்காரன், குளிர் என்றாலே ஆகாது. இருந்தாலும் போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கையெழுத்துப் போட்டுவிடுவது என்ற முடிவோடு கிளம்பினோம்.

காலை 7.10க்கு எங்கள் வீடு இருக்கும் ஸ்டோவ்னரில் இருந்து வாடகைக் கார், நாளுக்கு 950 குரோனர். தூரம் 215 கிலோமீட்டர். நடுவில் ஒரு காபி (42 குரோனர், வாயில் வைக்க முடியவில்லை). 10.35க்குப் போய்ச் சேர்ந்தோம். கடைசி ஒரு மணி நேரம் முழுக்கக் காட்டுப் பாதை. பனி சுமந்த ஊசியிலை மரங்கள், ஊதா வெளிச்சம், சத்தமே இல்லாத ரோடு. தூக்கத்துக்குள் கார் ஓட்டுகிற மாதிரி இருந்தது.

பனிச்சறுக்கு மையத்தின் வாசலில் சுகந்தி அக்கா நின்றார். மனை விற்பனைப் பிரிவின் தலைவர். யாழ்ப்பாணத்துக்காரர், பதினெட்டு வயதில் ஆஸ்லோவின் புருசெத் பகுதிக்கு வந்தவர். இந்த மையத்தில் அவருக்கு முதல் வேலை, வாடகைக்குப் போய்வந்த ஈரப் பூட்ஸுகளைக் காயவைப்பது. அப்புறம் டிக்கெட் கவுண்டர், அறை புக்கிங், இப்போது ஒன்பது வருஷமாக மனை. தன் வண்டியில் எங்களை மேலே ஏற்றிப் போகும்போதே எல்லாம் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை இயக்குநர் பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். அவருக்கும் இன்னொருவருக்கும் போட்டி. வடக்குச் சரிவில் பதினான்காம் நம்பர் மனை மட்டும்தான் மிச்சம், அதையும் விற்றுவிட்டால் பதவி தனக்குத்தான் என்று சிரித்தார். கவலையை விடுங்க அக்கா, வாங்கத்தானே வந்திருக்கோம் என்றாள் கல்பனா.

11.30. மனையில் முழங்கால் அளவு பனி. ஹால் ஜன்னல் வரவேண்டிய இடத்தில் மான்தோல் விரித்து எங்களை உட்காரவைத்து, பிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றினார். எதிர்மலை முழுக்கப் பொன்னாகத் தகதகத்தது. நாங்கள் நீல நிழலில். சொர்க்கம், வேறென்ன சொல்ல? பேனா எங்கே என்று நானே கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன், போங்கள்.

அக்கா பேனாவை எடுக்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கச் சொன்னார். இருந்தோம். எதிர்மலையில் வெயில் மெல்ல நகர்ந்துகொண்டே போனது, எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கல்பனாவுக்கு விரல் விறைத்துவிட்டது. இங்கே எப்போது வெயில் வரும் என்று கேட்டாள்.

அக்கா பிளாஸ்க்கை மூடிவைத்தார்.

"கார்த்திகையிலை போனால் மாசியிலைதான் வரும். எங்கடை படங்கள் எல்லாம் ஆடியிலை எடுத்தது."

"அக்கா, திங்கட்கிழமையை வச்சுக்கிட்டு இதை எங்ககிட்ட ஏன் சொல்றீங்க?" என்றேன்.

"பக்கத்திலை பதின்மூண்டாம் நம்பர் வீடு என்ரை. நானும் ஆடியிலை பாத்து வாங்கினனான். ஒரு குளிர்காலம் இருந்தம். பிறகு பிள்ளையள் இஞ்சை வரமாட்டம் எண்டிட்டினம்."

நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. திரும்பும் வழியெல்லாம் கல்பனா அழுதாள். எனக்கு முதலில் அக்கா மேல் எரிச்சல், அப்புறம் என்னை நினைத்தே வெட்கம்.

செவ்வாய்க்கிழமை கல்பனா அக்காவுக்கு ஃபோன் பண்ணினாள். பதவி மற்றவருக்குப் போய்விட்டது. வருத்தமா அக்கா என்று கேட்டதற்கு, ஓம், சரியான கவலைதான் என்றாராம்.

மலையில் மனை பார்க்கிறவர்கள் ஜனவரியில் போங்கள். பதினொன்றில் இருந்து ஒரு மணி வரை மனையிலேயே நில்லுங்கள், கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு. அழகில் மயங்கினாலும் பரவாயில்லை, விரல் விறைக்கிறதா என்று பாருங்கள்.

பதினான்காம் நம்பர் ஜூலையில் விற்றுப்போய்விட்டது. புது இயக்குநரே நேரில் வந்து காட்டினாராம், நல்ல வெயிலாம். பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் கூட நிற்கச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டார்.