முத்துமீனாவுக்கு மூணு கட்டை

ஹெப்சிபாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், பிறகு பேச்சு நின்றுபோகும். பேச்சு நின்றுவிட்டால் எதிரில் இருப்பவர் இடத்தைக் காலி பண்ணிவிடுவது உத்தமம். ஆனையூரில் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது தெரியும். மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக அவளோடு வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். சர்ச் பாடகர் குழுவைக் கேட்கவே வேண்டாம். தெரியாதவன் ஒருத்தன் வந்து சேர்ந்தான், சாய்குமார் என்று பேர். அவனைப் பற்றிச் சொல்லும் முன் நூல்காரச் சந்து பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கோபம் உங்களுக்குப் புரியாது.

விளக்குத்தூண் பக்கம் போய் யாரைக் கேட்டாலும் நூல்காரச் சந்துக்கு வழி சொல்வார்கள். நூல், பட்டன், லைனிங் துணி, சுங்குடிச் சேலை, சட்டைப் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற மிஷின் என்று நாற்பது கடைகள். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள், ஊரை அழகுபடுத்தப்போகிறோம் என்று சொல்லித் தோண்டினார்கள். தோண்டியதை மூடினார்கள். குழாய் பதிக்க மறந்துவிட்டதாம், மூடியதை மறுபடி தோண்டினார்கள். ரெண்டு வருஷம், பலகை போட்டு அதன்மேல் நடந்துதான் ஜனங்கள் கடைக்குள் ஏற வேண்டியிருந்தது. கடைசியில் வழுவழுவென்று கல் பதித்து, வண்டி உள்ளே வரக்கூடாது என்று இரும்புக் கம்பம் நட்டுவிட்டுப் போனார்கள். சந்து பளபளவென்று இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. வந்துகொண்டிருந்தவர்களெல்லாம் இந்த ரெண்டு வருஷத்தில், கார் நிறுத்த இடமிருக்கிற ரிங் ரோட்டுக் கடைகளுக்குப் பழகிப்போனார்கள். நாற்பதில் பத்தொன்பது கடைகளின் ஷட்டர் இறங்கிவிட்டது. இதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், "இப்ப எம்புட்டு அழகா இருக்கு பாருங்க" என்பார்கள்.

சந்தின் நடுவில் ராமதாஸின் மைக் செட் கடை. அவருடைய மனைவி பத்மாசினி ஒட்டியிருக்கிற கடையில் சுங்குடி விற்கிறார். வீட்டில் சௌராஷ்டிரா பேசுவார்கள், சண்டை மட்டும் தமிழில். கல்யாணம், காதுகுத்து எதற்கும் ராமதாஸின் ஸ்பீக்கர் பெட்டிதான் போகும். அந்தக் காலத்தில் லைட் மியூசிக் குழுக்களில் கீபோர்டு வாசிக்க ஹெப்சிபா சோழவந்தான், உசிலம்பட்டி என்று அலைந்தபோது பழக்கமானவர். ஒரு நாள் போன் பண்ணினார்.

"டீச்சரம்மா, ஞாயித்துக்கிழம சாயந்தரம் சும்மாத்தான இருக்கீக? நம்ம கடைப் படியில உக்காந்து வாசிங்க. சத்தம் கேட்டாலாவது நாலு பேரு எட்டிப் பாக்கட்டும்."

அவள் டீச்சர் இல்லை, கிளார்க். பள்ளிக்கூடத்தில் வேலை என்றாலே டீச்சர்தான் என்று சந்தில் முடிவு பண்ணிவிட்டார்கள். ரெண்டு வருஷம் திருத்திப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

ராமதாஸ் கையால் நோட்டீஸ் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, டவுன் பஸ் ஸ்டாப்புகளில் தானே பசை தடவி ஒட்டினார். முதல் ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள், அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். பாடுவதாக இருந்த மெர்வின் மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டு வரவில்லை. ஹெப்சிபாவுக்கு மூக்கு சிவந்தது. மைக்கை எடுத்து, எதிரே காஜா கடையிலிருந்து எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த முத்துமீனாவிடம் நீட்டினாள்.

"எனக்குப் பாட்டெல்லாம் வராதுக்கா. ஆம்பளக் குரலு."

"யாரு சொன்னா? முதல்ல நீ பாடு. நான் பின்னாலயே வாரேன்."

இதுதான் ஹெப்சிபாவின் வித்தை. பாடுகிறவரின் குரல் எந்தச் சுருதியில் சுகமாக நிற்கிறதோ, அதை இத்தனை கட்டை என்று கணக்குச் சொல்வது பாட்டுக்காரர்கள் வழக்கம். பெரும்பாலும் ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. மேடையில் பாடுகிறவர்களுக்குத் தங்கள் கட்டை தெரியும். காஜா எடுக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? அவள் ஒரு வரி பாடுவதற்குள் ஹெப்சிபா கண்டுபிடித்துவிடுவாள், விரல் அந்தக் கட்டையில் போய் நிற்கும். முத்துமீனாவுக்கு மூணு கட்டை. சினிமாவில் பெண் பாடுகிற எந்தப் பாட்டும் அவள் குரலுக்கு எட்டாத உயரத்தில்தான் இருந்திருக்கிறது. உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற அந்தப் பெண்ணுக்கு, பள்ளிக்கூடத்துப் பிரேயரில்கூட, "நீ சும்மா வாயசை, போதும்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஹெப்சிபா பாட்டையே கீழே இறக்கி அவள் காலடியில் வைத்தாள். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக முத்துமீனா ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடித்தாள். முடித்ததும் கடைக்குள் ஓடிவிட்டாள். அடுத்த ஞாயிறு மாமியாரையும் ரெண்டு நாத்தனார்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அதிலிருந்துதான் பிடித்துக்கொண்டது. பட்டன் கடைக்காரர் பாடினார், ஆட்டோ ஓட்டுகிறவர் பாடினார், பேங்கில் வேலை பார்க்கிற டயானா ஆரப்பாளையத்திலிருந்து வந்து பாடினாள். பாடுகிற ஒருத்தருக்குப் பின்னால் கேட்க வீட்டில் ஆறு பேர் வந்தார்கள். வந்தவர்கள் டீ குடித்தார்கள், பத்மாசினியிடம் சேலை பார்த்தார்கள், வந்தது வந்தோம் என்று லைனிங் துணி கிழித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு ஷட்டராக மேலே ஏறியது. ஹெப்சிபா ஒரு நீளமான நோட்டில் பேரையும் கட்டையையும் எழுதிவந்தாள். மறுபடி ஒருவர் வந்து நின்றால், "என்ன சுருதி?" என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது, அதற்குத்தான். ஒன்றேகால் வருஷத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர் ஏறிவிட்டார்கள். ராமதாஸ் பேருக்கு எதிரே மட்டும் "மூன்றரை" என்று இருக்கும். கீபோர்டில் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கட்டையே கிடையாது, மனிதர் எப்போதும் அங்கே போய்த்தான் நிற்பார். அவர் பாடினால் சந்தே சிரிக்கும், அவருக்கும் அதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

சந்து எழுந்து நின்றதும் வந்து சேர்ந்தார்கள் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல். பத்தொன்பது ஷட்டர் இறங்கிக் கிடந்தபோது ஒரு நாய் எட்டிப்பார்க்கவில்லை. வியாபாரிகள் சங்கச் செயலாளர் அழகுபாண்டி எங்கேயோ பேசி, சென்னையிலிருந்து விழா நடத்துகிற கம்பெனி ஒன்றைக் கூட்டிவந்தார். அந்தக் கம்பெனிக்காரன்தான் சாய்குமார். கறுப்பு டீ சர்ட், கழுத்தில் அட்டை, வாயைத் திறந்தால், "உலக லெவலுக்குக் கொண்டுபோகலாம் மேடம்." இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளை அவர்கள் நடத்துவார்கள், சந்தில் வேறு யாரும் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று ஒரு தாளை நீட்டினான். ராமதாஸ் வெள்ளந்தி. பெரிய பெட்டி, பெரிய விளக்கு என்றதும் கண் விரிந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஹெப்சிபா செய்த தப்பு அதைவிடப் பெரியது. சாய்குமார் நோட்டைக் கேட்டதும் கொடுத்துவிட்டாள். சும்மா கொடுத்தாளா? பிரவுன் அட்டை போட்டு, கிழிந்த பக்கங்களை ஒட்டி, எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். நம் ஜனங்களின் சுருதி அவர்களுக்குத் தெரிந்தால் நல்லதுதானே என்று நினைத்தாள். வாசிக்கிறவர்களின் புத்தி அப்படித்தான் போகும். ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு ஆள் போனால், அவர் சுருதியைச் சொல்லி அனுப்புவது இவர்களுக்குள் ஒரு மரியாதை. எதிராளிக்கும் அந்த மரியாதை தெரிந்திருக்கும் என்று நம்பிவிட்டாள்.

திறப்பு நாளன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போனாள். சந்து முகப்பில் வளைவு, நடுவில் மேடை, மேலே ஒரு டிரோன் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. வளைவுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி, பூட்டுப் போட்டு, உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்தது. விளக்கடியில் அவளுடைய நோட்டு. பக்கத்தில் ஓர் அட்டை: "நூல்காரச் சந்தின் இசைப் பாரம்பரியம்." ஜனங்கள் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூக்கு சிவந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். முன்வரிசையில் உட்காரவைத்து ஒரு சால்வை போர்த்தினார்கள். எவனும் வாசிக்கச் சொல்லவில்லை. மேடையில் கீபோர்டே இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்துவைத்த இசை. சென்னைப் பாடகர்கள் ஒரு மணி நேரம் பாடி முடித்ததும், "இப்ப லோக்கல் டேலண்ட், பத்து நிமிஷம்!" என்றான் மைக் பிடித்திருந்தவன். உள்ளூர்க்காரர்கள் உண்டாக்கின இடத்தில் உள்ளூர்க்காரர்களுக்குப் பத்து நிமிஷம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்?

முதல் பேர் முத்துமீனா. புதுச் சேலை கட்டியிருந்தாள். உசிலம்பட்டியிலிருந்து மாமியார், நாத்தனார்கள், தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். இசை ஐந்தரைக் கட்டையில் வந்தது. முத்துமீனா திகைத்துப்போய் ஹெப்சிபாவைப் பார்த்தாள். பிறகு எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். ரெண்டாவது வரியில் குரல் உடைந்தது.

"அக்காவோட குரல் இன்னிக்கு லீவு போலிருக்கு!" என்றான் மைக் பிடித்தவன். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் சிரித்தார்கள். ஒரு சிரிப்புக்கும் இன்னொரு சிரிப்புக்கும் வித்தியாசம் உண்டு. ராமதாஸைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு ராமதாஸைத் தெரியும். இவர்களுக்கு முத்துமீனாவைத் தெரியாது. அவள் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, தலை நிமிராமல் இறங்கி, கடைக்குள் போய்விட்டாள்.

ஹெப்சிபா எழுந்து சாய்குமாரிடம் போனாள். "நோட்டுல முதல் பேரே அவதான், மூணு கட்டைனு எழுதியிருக்கேன். பாக்கலையா?"

"மேடம், அது எக்ஸிபிட். ட்ராக்கெல்லாம் ஃபிக்ஸட்தான். அவங்கதான் கொஞ்சம் ப்ராக்டிஸ் பண்ணிட்டு வந்திருக்கணும்."

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம். ஒரு பெண்ணின் சுருதிக்கு ஒரு பாட்டை இறக்கிவைக்கத் துப்பில்லை, உலக லெவலுக்குக் கொண்டுபோகிறானாம். ஹெப்சிபாவின் பேச்சு நின்றுபோனது. சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு ராமதாஸ் கடைக்கு நடந்தாள். அவளுடைய கீபோர்டு அங்கேதான் இருந்தது.

"டீச்சரம்மா, கையெழுத்துப் போட்டுருக்கேனே" என்றார் ராமதாஸ்.

"போட்டது நீங்க. வாசிக்கப்போறது நான்."

ராமதாஸ் அவள் மூக்கைப் பார்த்தார். உள்ளே இருந்து பத்மாசினி, "அந்தப் புள்ள அங்கிட்டு அழுதுக்கிட்டிருக்கு, நீங்க கையெழுத்தப் பத்திப் பேசிக்கிட்டிருக்கீகளா?" என்றார், தமிழில். ராமதாஸ் பழைய பெட்டி ரெண்டையும் படிக்கு இழுத்தார்.

எதிர்க் கடையில் முத்துமீனா காஜா மிஷின்மேல் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். ஹெப்சிபா வாசலில் போய் நின்றாள்.

"வா, பாடு."

"மாட்டேன்க்கா. ஊரே சிரிச்சிருச்சு. என் மாமியா முன்னாடி... இனி இந்த ஜென்மத்துல பாட மாட்டேன்."

அந்த நிமிஷம் ஹெப்சிபாவுக்குச் சந்தும் பெரிதாகத் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் பெரிதாகத் தெரியவில்லை. இவள் இனி வாயைத் திறக்காமல் போய்விட்டால் ஒன்றேகால் வருஷம் வாசித்ததற்கு என்ன அர்த்தம்? அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. திரும்பிப் படிக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க பாடுங்க."

"நானா? இப்பவா?"

"இப்பத்தான்."

ராமதாஸுக்கு விளங்கிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, இல்லாத மூன்றரைக் கட்டையில் ஒரு காதல் பாட்டை எடுத்துவிட்டார். ஹெப்சிபா மூணுக்கும் நாலுக்குமாக ஓடி ஓடிப் பார்த்தாள், பிடிபடவில்லை. மேடைப் பக்கம் இருந்தவர்கள் திரும்பினார்கள். சந்துக்காரர்கள் வழக்கம்போல விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் இன்னும் சத்தமாகப் பாடி, முடித்ததும் எல்லோருக்கும் கும்பிடு போட்டார். முத்துமீனா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்குவதற்குள் ஹெப்சிபா மூணு கட்டையில் விரல் வைத்தாள், எடுக்கவில்லை. அந்தச் சத்தம் அப்படியே நின்றது. முத்துமீனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைப் படியிலேயே நின்று பாடினாள், மைக் இல்லாமல். ரெண்டாவது வரிக்கு ராமதாஸ் ஓடிப்போய் மைக்கைக் கையில் கொடுத்தார். அடியாழத்திலிருந்து வந்த குரல் கல் பதித்த தரையில் உருண்டு வளைவு வரைக்கும் போனது. நாற்காலிகளைத் திருப்பிப் போடுகிற சத்தம் கேட்டது. உசிலம்பட்டிக்காரர்கள்தான் முதலில் திருப்பினார்கள், மாமியார் எல்லோருக்கும் முன்னால்.

பாட்டு முடிகிற நேரத்தில் சாய்குமார் ஓடிவந்தான், கூடவே அழகுபாண்டி. ஒப்பந்தத்தைப் பற்றிக் கத்தத்தான் வந்திருப்பான். நாற்காலிகள் திரும்பியிருக்கிற திசையைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொண்டான். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்த நோட்டு கையில் இருந்தது.

"மேடம், சூப்பர்! அடுத்த வாரத்துல இருந்து இதையே ஷோவா பண்ணிடலாம். இந்தக் கட்டைக் கணக்கு மட்டும் எங்க டீமுக்கு ஒருதடவ சொல்லிக்குடுத்துடுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

ஹெப்சிபாவுக்குப் பேச்சு திரும்பி வந்தது.

"தம்பி, இதுல ஒண்ணக்கூட நான் யார்கிட்டயும் கேட்டு எழுதல. அவுங்க பாடுனாங்க, நான் பின்னால போனேன். இம்புட்டுத்தான் கணக்கு." முத்துமீனாவின் கையிலிருந்த மைக்கை வாங்கி அவனிடம் நீட்டினாள். "முதல்ல நீங்க பாடுங்க. நான் பின்னாலயே வாரேன்."

சந்து மொத்தமும் அவன் வாயைப் பார்த்தது. அவன் மைக்கைப் பார்த்தான், அழகுபாண்டியைப் பார்த்தான், மேலே சுற்றுகிற டிரோனைப் பார்த்தான். ஹெப்சிபா அவன் கையிலிருந்து நோட்டை வாங்கிக் கீபோர்டுமேல் விரித்துவைத்துக்கொண்டு, அடுத்தது யார் என்று கேட்டாள்.