லோன் வெட்டாத சம்பளம்

தொலைபேசியில் திட்டு வாங்குவதுதான் என் தொழில். அதைப் பொறுமையாக வாங்குவதற்குக் கடன் எடுத்து மூன்று வருடம் படித்திருக்கிறேன். லண்டனில் வாடகை வீடுகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில், பொய்லர் நின்றவர்களும் கூரை ஒழுகுகிறவர்களும் கூப்பிட்டால் எடுப்பவள் நான். உள்ளூர்க் காலேஜில் கம்யூனிகேஷன் டிகிரி முடித்துவிட்டு, வருகிற லோன் கடிதத்தைப் பிரிக்காமலே மேசை லாச்சிக்குள் போடுகிறவர்களே, இது உங்களுக்குத்தான்.

இதுக்குமா டிகிரி?

ஸ்ட்ரெதமில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். குளியலறை முகட்டால் மூன்று நாளாகத் தண்ணீர் ஒழுகுகிறதாம். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். தாய்மொழியில் திட்டினால் ஒரு சொல்லும் வீணாகாது என்று அன்றைக்குத்தான் கண்டேன். காலேஜில் சொல்லித் தந்தபடி குறுக்கே பேசாமல் கேட்டேன், அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன், பிறகு ஆள் வரும் நாளைச் சொன்னேன். மனுசன் ஆறிப்போனார். இவ்வளவு வடிவாகக் கதைக்க எங்கே பழகினது என்று கேட்டார். டிகிரி செய்தனான் என்று நானும் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

பிறகு சொன்னார்: “உதுக்குமா டிகிரி? நான் கத்தக் கத்த என்ர மனிசி முப்பது வருசமாப் பேசாம இருந்திட்டு, தான் நினைச்சதைத்தான் செய்யிறா. அவ ஓ லெவலே பாஸ் பண்ணேல்லை.”

மூன்று வான்

நாங்கள் அனுப்புகிற பிளம்பர்களில் ஒருவர் ரூபன் அண்ணை. ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் தெருக்காரர், சாமான் ஏற்றுகிற வான் வண்டியோடு திரிகிறவர். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் குழாய் திருத்தப் பழகினவர். ஒரு நாள் அவருடைய பில்லைக் கொம்பியூட்டரில் பதிந்துகொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. அவருடைய ஒரு சனிக்கிழமைக் கூலி, என்னுடைய ஒரு முழுக் கிழமைச் சம்பளம்.

லோன் விஷயம் உங்களுக்குத் தெரியும். சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால்தான் அதில் வெட்டுவார்கள். நான் நாலு வருடமாகக் கோட்டுக்குக் கீழே. ஒரு சதமும் வெட்டுப்படவில்லை, வட்டி மட்டும் வஞ்சகமில்லாமல் வளர்ந்தது. இதை அண்ணையிடம் சொல்லி ஆறுதல் தேடினது என் பிழை.

“நீ மூண்டு வருசம் கதைக்கப் படிச்சாய், நான் அந்த மூண்டு வருசத்தில மூண்டு வான் வாங்கிப்போட்டன். இப்பவும் ரெண்டு பேரிலயும் கூடக் கதைக்கிறது நான்தான்.”

வரிசையில் பதினாலாவது ஆள்

வேலை நேரத்தில் எங்கள் மொபைலைப் பூட்டி வைத்துவிடுவார்கள். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா எங்கள் நிறுவனத்தின் பழுது முறையிடும் நம்பருக்கே அடித்து, வரிசையில் பதினாலாவது ஆளாகக் காத்திருந்து, அதிர்ஷ்டவசமாகவோ என்னவோ என்னிடமே வந்து சேர்ந்தார். வீட்டில் ஒழுக்கு ஒன்றுமில்லை. லாச்சியைத் திறந்து லோன் கடிதங்களை வாசித்திருக்கிறார். எடுத்த காசைவிட இப்போது நிற்கிற கடன் கூட. ஞாயிற்றுக்கிழமை சீட்டை எடுத்து எல்லாவற்றையும் கட்டி முடிக்கப்போகிறாராம்.

அந்தச் சீட்டில் இருபது குடும்பம். முந்தி எடுக்கிறவர் ஒரு பங்கைக் கழிவாக விட்டுத்தான் எடுக்க வேண்டும். கடைசி ஆளுக்கு முழுக்காசு. மளிகைக் கடையில் நாள் முழுக்க நின்று கட்டின காசை, தன் வயதான காலத்துக்கென்று கடைசித் தவணைவரை தொடாமல் வைத்திருந்தார் அப்பா. அதைப் பாதி விலைக்குக் கொடுத்து, யாருமே கேட்காத கடனைக் கட்டப்போகிறார்.

விடுவேனா? அது வீட்டு வாசலுக்கு ஆள் வருகிற கடன் இல்லை, வேலை போனால் வெட்டவும் மாட்டார்கள், காலம் முடிந்தால் மிச்சத்தைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்று பதினொரு நிமிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பிறந்ததில் இருந்து என்னை ஒரு வசனம் முடிக்க விடாதவர், குறுக்கே ஒரு சொல் சொல்லவில்லை. அழைப்பு பதிவாகிறது என்ற அறிவிப்புக்குப் பயந்தாரோ தெரியாது.

கடைசியில் சொன்னார்: “சரி, ஞாயிறு எடுக்கேல்லை. சீட்டு முடிய இன்னும் ஏழு மாசம் கிடக்கு. அதுக்குள்ள உன்ர சம்பளத்தில ஒரு பவுணாவது வெட்டட்டும். இல்லையெண்டால் முழுக்காசையும் கொண்டுபோய்க் கட்டிப்போடுவன். நீ நல்லா உழைச்சாத்தான் காசு கேப்பாங்களெண்டால், அவங்களுக்கும் உன்னில நம்பிக்கையில்லைப் போல.”

லிண்டா போட்ட மார்க்

அந்தக் கடைசி வசனம் சுட்டது. அழுகை வந்தது, அடுத்த அழைப்பும் வந்தது. அதை எடுத்துப் பேசிக்கொண்டே தீர்மானித்தேன், ஏழு மாதத்துக்குள் டீம் லீடர் ஆகிறது என்று. அந்தச் சம்பளம் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே.

எங்கள் மேலாளர் லிண்டா, கிழமைக்கு ஒரு அழைப்பை எடுத்துக் கேட்டு மார்க் போடுவார். என் நல்ல காலம், அவர் கையில் அகப்பட்டது அப்பா. மொழிபெயர்க்கச் சம்பளப் பிரிவில் இருந்து கணேஷைக் கூப்பிட்டார்கள். கணேஷ் தமிழ்நாட்டுக்காரர், சட்டனில் இருந்து வருகிறவர். சீட்டு, கழிவு, நம்பிக்கையில்லை என்பதுவரை ஒன்றும் விடாமல் சொன்னார் பாவி. வேலை நேரத்தில் வீட்டுக் கதை கதைத்ததற்கு எச்சரிக்கைக் கடிதம்தான் என்று நினைத்தேன். லிண்டா பேனையை வைத்துவிட்டு, இப்படிப் பொறுமையாக விளக்குகிற ஆள்தான் வேண்டுமென்று டீம் லீடர் வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னார். பிறகு மார்க் தாளை என் பக்கம் திருப்பினார்.

“ஆனால் பதினொரு நிமிடத்தில் வாடிக்கையாளரை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதற்கு மார்க் குறைத்திருக்கிறேன்.”

நாலு பவுண்

முதல் தடவை அந்த வேலை வேறொருவருக்குப் போனது. வீட்டில் சொல்லவில்லை. இரண்டாம் தடவை போட்டேன், கிடைத்தது. ஆறாவது மாதச் சம்பளத் தாளில் புதிதாக ஒரு வரி: லோன், நாலு பவுண். கண் கலங்கிவிட்டது. பிழையாக வெட்டியிருப்பார்களோ என்ற பயத்தில் கணேஷிடம் ஓடினேன். சரியாகத்தான் வெட்டியிருக்கிறது என்றார். இரண்டு தடவை நன்றி சொன்னேன்.

“பத்து வருஷமா சம்பளம் போடறேங்க. ஏன் புடிச்சீங்கன்னு சண்டைக்கு வருவாங்க. புடிச்சதுக்கு தேங்க்ஸ் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

கடை வாசல்

அன்று பின்னேரம் தாளை அப்பாவின் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் சீட்டின் கடைசித் தவணையைக் கழிவில்லாமல் எடுத்தார், அது வங்கியில் அவர் பெயரிலேயே கிடக்கிறது. தாளை மட்டும் திருப்பித் தரவில்லை. ஏன் என்று ரூபன் அண்ணை பில் கொண்டு வந்தபோதுதான் தெரிந்தது.

“உன்ர அப்பர் கடை வாசலில நிண்டு வாறவை போறவைக்கெல்லாம் தாளைக் காட்டுறார், பிள்ளைக்கு லோன் வெட்டத் தொடங்கிட்டாங்களாம் எண்டு. நான் என்ர வானைப் பற்றி வாயே திறக்கேல்லை.”

கூட்டிக் கழித்துப் பார்த்தால், என் டிகிரியின் மொத்த லாபம் அப்பா பதினொரு நிமிடம் குறுக்கே பேசாமல் நான் சொன்னதைக் கேட்டதுதான், அதற்கு மாதம் நாலு பவுண் கொள்ளை மலிவு.