கிளாடிஸ் அண்ணியின் நன்றிப் பூசை

போத்தனூரில் எங்கள் கிளாடிஸ் அண்ணியைப் போல டிவியில் செய்தி பார்க்கிற ஆள் வேறு யாரும் இல்லை. அக்கம்பக்கம் சீரியலில் அழுதுகொண்டிருக்கும்போது அவர் வளைகுடாவைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் கடல்வழியை அடைத்திருக்கிறார்கள், கச்சா எண்ணெய் என்ன விலை, எல்லாம் அத்துப்படி. "எண்ணெய்க் கிணறு ஏதாச்சும் வாங்கப் போறீங்களாக்கும்?" என்று கேலி செய்வேன். அண்ணி வைத்திருந்தது மெழுகுவர்த்திப் பட்டறை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, நாலு அச்சு, மெழுகு உருக்க ஒரு அண்டா, திரி நறுக்க நாத்தனார் ஜெனிதா, அதாவது நான். சுற்றுவட்டாரக் கிறிஸ்தவக் கோயில்களில் எரிவதெல்லாம் அண்ணி ஊற்றியதுதான்.

மெழுகும் கச்சா எண்ணெயிலிருந்து வருவதுதான். அங்கே ஆலையில் குண்டு விழுந்தால் இங்கே மெழுகுக் கட்டி விலை ஏறிவிடும். அண்ணி இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார். முன்பு ஒருமுறை விலை ஏறியபோது கையில் சரக்கு இல்லை. ஒத்துக்கொண்ட பழைய விலைக்கே கோயில்களுக்கு ஊற்றிக் கொடுத்து நொந்துபோனார். அண்ணன் இறந்த பிறகு தனியாளாகத் தூக்கி நிறுத்திய தொழில் அது. அதனால் இந்த முறை போர்ச் செய்தி சூடு பிடித்ததுமே நகையை அடகு வைத்து, கொட்டகை கொள்ளாமல் மெழுகுக் கட்டி வாங்கி அடுக்கினார். வாங்கிய கையோடு விலை இறங்க ஆரம்பித்தது. சமாதானப் பேச்சு நடக்கிறது என்றார்கள். ஊரே அப்பாடா என்றது, அண்ணிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, விலை ஏறினால் நன்றிப் பூசை வைப்பதாக நேர்ந்துகொண்டார். எது நடந்தால் விலை ஏறும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அதை மட்டும் நினைக்காமல் தாண்டிப் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அங்கே ஒரு சுத்திகரிப்பு ஆலையில் ட்ரோன்கள் வந்து விழுந்தன. டிவி முழுக்கக் கரும்புகை. மறுநாளே எங்கள் முக்கு பேக்கரியில் சிலிண்டர் வராது என்று பஜ்ஜி போடுவதை நிறுத்திவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. மெழுகு வியாபாரி போனில் புது விலை சொன்னார். ஊர் முகமெல்லாம் தொங்கிப்போயிருக்க, அண்ணி என் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தார். அன்றைக்கே கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாரிடம் போய், அடுத்த செவ்வாய்ப் பூசையில் வாசிக்கக் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கேட்ட வரம் கிடைத்ததற்கு நன்றி.

திங்கட்கிழமை இருதயம்மாள் அக்கா வந்தார். எங்கள் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஒரு கட்டு மெழுகுவர்த்தி கேட்டார். அண்ணி புது விலையைச் சொன்னார்.

"ஏனுங்க அம்மணி, ஏறிப்போச்சுங்களா?"

"என்னங்க அக்கா பண்றது? அங்க எண்ணெய் ஆலையில குண்டு போட்டுட்டாங்களே."

"தெரியுமுங்க. அந்த ஆலையிலதான் எம்பட பையன் ஸ்டீவ் வேலை செய்யறான். வெள்ளிக்கிழமையிலிருந்து போன் எடுக்க மாட்டேங்கறானுங்க. அவனுக்குத்தான் ஏத்தலாம்னு வந்தேன்."

அண்ணிக்கு முகம் செத்துவிட்டது. "காசு வேண்டாங்க அக்கா, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"வேண்டாங் கண்ணு. நேர்ந்துக்கிட்டதை ஓசியில ஏத்தக் கூடாது" என்று சொல்லி, கேட்ட விலையைக் குறையாமல் வைத்துவிட்டுப் போனார் இருதயம்மாள் அக்கா. அண்ணி அந்தப் பணத்தைத் தொடவில்லை. "அந்தப் பையன் தலையில குண்டு விழுந்ததுக்கு அவனோட அம்மாகிட்டயே விலை வாங்கிப்போட்டேன்டி" என்றார்.

உடனே உபதேசியாரிடம் ஓடினோம். பூசைக் கருத்தை எடுத்துவிடச் சொன்னார் அண்ணி. காரணம் சொல்ல வாய் வரவில்லை. "சாமியார்கிட்டக் குடுத்தாச்சுங்க. நன்றி சொன்னதை யாராச்சும் வாபஸ் வாங்குவாங்களா?" என்று உபதேசியார் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை மைக்கில் இருதயம்மாள் அக்கா கொடுத்த கருத்தையும் அண்ணியுடையதையும் அடுத்தடுத்து வாசித்தார்கள். "தகவல் தெரியாத மகன் ஸ்டீவ் நலமாயிருக்க, தாயார் இருதயம்மாள். கேட்ட வரம் கிடைத்ததற்கு நன்றியாக, கிளாடிஸ்." அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துபோனது. நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து போனார்கள். அண்ணி போகவில்லை.

பூசை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் இருதயம்மாள் அக்காவின் போன் அடித்தது. ஸ்டீவ்தான். உயிரோடு இருக்கிறான். அக்கா போனும் கையுமாக ஓடி வந்து, அத்தனை பேர் முன்னால் அண்ணியைக் கட்டிக்கொண்டார்.

"நான் அழுதுட்டே கேட்டேனுங்க. நீங்க அவன் பேசறதுக்கு முன்னாலயே கிடைச்சுப்போச்சுன்னு நன்றி சொன்னீங்களே அம்மணி! அந்த விசுவாசம் பெத்தவளுக்கு இல்லாமப் போச்சுங்களே!"

"அக்கா, அது வந்துங்க..." என்று அண்ணி இழுத்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார், எனக்குத் தெரியும். அதற்குள் அக்கா போனை அவர் கையில் திணித்துவிட்டார். திரையில் தலைக்கட்டோடு ஸ்டீவ்.

"அம்மா சொன்னாங்க ஆன்ட்டி. உங்க ஜெபந்தானுங்க. எங்கூட ரூம்ல இருந்த சுஃப்யான், நம்ம உக்கடத்துப் பையன், அவன் போயிட்டானுங்க. அவங்க அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அந்தம்மாவுக்காகவும் வேண்டிக்குங்க ஆன்ட்டி. நீங்க வேண்டினா நடக்குதுங்க."

"சரி கண்ணு" என்றார் அண்ணி. 

அதற்குள் நாலைந்து பெண்கள் சூழ்ந்துகொண்டு, ஆளுக்கொரு வேண்டுதலை அண்ணி காதில் போட்டார்கள். வீட்டுக்கு வந்த அண்ணி கொட்டகையின் பூட்டைத் திறக்காமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "உங்க வேண்டுதலைக் கேட்டுத்தானா அண்ணி அவங்க ட்ரோன் உட்டாங்க? நீங்க வேண்டாட்டியும் அது உழுந்திருக்கும்" என்று சத்தம் போட்டேன்.

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படின்னா நான் எதுக்குடி நன்றி சொன்னேன்?"