ஆண்டவரையும் சேர்த்து

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியும் முடித்தேன். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சபையிலும் யாரும் அடக்கமாகச் சொல்வதில்லை. டிசம்பர் பிறந்தால் எழுதுகிற வேலை, வாசிக்கிற வேலை, மைக்கில் பேசுகிற வேலை எல்லாம் என்னிடம் வந்து சேரும். வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் எந்த நாள் எந்தத் தெருவுக்கு என்று பட்டியல் போடுவது நான். திரையில் ஓடும் பாட்டு வரிகளைத் தட்டச்சு செய்வது நான். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பர்களாக நடிக்கும் ஐந்து பேருக்குத் தலைத்துண்டு கட்டிவிடுவதும் நான். பகலில் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பேன். டிசம்பரில் அங்கேயும் கிறிஸ்துமஸ்தான். தலையில் சிவப்புத் தொப்பி போட வேண்டும்.

போன டிசம்பரின் இரண்டாவது வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். கடவுளைப் பற்றித் தினமும் பேசிக்கொண்டிருந்தேன். கடவுளிடம் பேசிப் பல நாள் ஆகியிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. உடனே போனில் காலை ஐந்து முதல் ஐந்து இருபது வரை அவருக்கு ஒதுக்கினேன்.

எங்கள் வீடு ஓர் அறை, ஒரு சமையலறை, நடுவில் ஒரு திரைச்சீலை. ஐந்து மணிக்கு நான் திரைக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடினேன். அந்தப் பக்கம் அம்மா வழக்கம்போல் வேலை செய்துகொண்டே சத்தமாக ஜெபித்தாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேதம் எல்லாம் காதால் கேட்டதுதான்.

"நாம எல்லாரும் பாவிங்க ஆண்டவரே. நம்மள மன்னிச்சிடுப்பா. இந்த வெங்காயத்த எங்க வச்சித் தொலைச்சேன்?"

"அம்மா, அது தப்பு."

"இன்னா தப்பு? வெங்காயமா?"

"நாமன்னு சொன்னா கேக்கறவங்களையும் சேத்துதான் அர்த்தம். நீ ஆண்டவர்கிட்ட சொல்ற. அப்ப அவரும் பாவின்னு ஆயிடுது. நாங்கன்னு சொல்லணும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஐயையோ. இத்தினி வருசமா அவரையும் சேத்தா பாவின்னு சொல்லிகினு இருந்தேன்?"

"ஆமா."

"அவரு ஒண்ணும் சொல்லலியே."

"அவர் சொல்ல மாட்டார்மா."

"அதான் நீ கீறியே, சொல்றதுக்கு."

மறுநாள் காலை சமையலறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஜெபத்துக்கு வேண்டிய அமைதி கிடைத்துவிட்டது. கண்ணை மூடி இருபது நிமிடம் உட்கார்ந்தேன். பாட்டு வரிகளில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகள் நினைவுக்கு வந்தன. வேறு எதுவும் வரவில்லை.

புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் முடிவு ஜெபம் எப்போதும் அம்மாதான் செய்வாள். எல்லோரும் தலைகுனிந்து காத்திருந்தார்கள். அம்மா தலையை ஆட்டினாள்.

"எம் பொண்ணு பண்ணும். அதுக்குதான் இலக்கணம் தெரியும்."

சிரித்தார்கள். நான் ஜெபித்தேன். ஒரு பிழைகூட இல்லை. அம்மா ஜெபித்தால் நடுநடுவே பத்துப் பேர் ஸ்தோத்திரம் சொல்வார்கள். எனக்குக் கடைசியில் ஓர் ஆமென் வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்கிற ஆமென்.

வீடு சரியில்லை, கடற்கரைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். மறுநாள் மதிய இடைவேளையில் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போய், கரையில் ஏற்றியிருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தேன். குதிரைக்காரர் வந்தார்.

"மேடம், ஒரு ரவுண்டு போலாமா?"

"ஜெபம் பண்றேன் அண்ணா."

"பண்ணுங்க, பண்ணுங்க." குதிரையோடு ஓரமாக நின்றார்.

நான் ஆரம்பித்தேன். "கிருபையுள்ள ஆண்டவரே, நாங்கள் உம்மைத் துதிக்கிறோம்." என்னோடு யாரும் இல்லை. நாங்கள் என்றால் யார் என்று எனக்கே தெரியவில்லை. கூட்டத்தில் சொல்வதைத்தான் வாய் சொல்லிக்கொண்டு போனது. முடிவில், "தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்றேன்.

"முடிஞ்சிதா மேடம்?" என்றார் குதிரைக்காரர்.

அன்று பேருந்தில் திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டில் ஜெபிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு வரவில்லை. இன்னொருத்தியை நான் நிறுத்திவிட்டேன். இதற்கு முன் எங்கள் வீட்டில் படித்தவர்கள் யாரும் இல்லாததால், இப்படியும் நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை சமையலறையில் அம்மா இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஊறவைத்த துணி வாளியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. என்னைப் பார்த்ததும் அதுவும் நின்றது.

"இன்னாடி, தப்பு கண்டுபுடிக்க இங்கியும் வந்துட்டியா?"

"இல்லம்மா. எனக்கு ஜெபம் வரல."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். சந்தோஷப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். "குந்து" என்றாள். ஈரக்கல்லில் உட்கார்ந்தேன்.

"ஆண்டவரே, இது எம் பொண்ணு. டிகிரி படிச்சிக்கீது. ஊருக்கே மைக்குல பேசுது, உன்னாண்ட பேச வர்லியாம். நாங்க..." நிறுத்தினாள். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "நாங்களா, நாமளா?"

இலக்கணப்படி பதில் ஒன்றுதான். எனக்கு நன்றாகத் தெரியும்.

"அவரையும் சேத்துக்கோம்மா."

"பாவின்னு ஆயிடும்னியே?"

"மாட்டுக் கொட்டாயில வந்து பொறந்தவர்தானே. கோவிச்சுக்க மாட்டாரு."

"இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? பத்து நாளா வாயக் கட்டிகினு கீறேன்."

பத்து நாள் பாக்கியையும் சேர்த்து ஜெபித்தாள். பாஸ்டருடைய இடுப்பு வலி, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி, மேய்ப்பர்களில் ஒருவனுக்கு வந்திருந்த ஜுரம் எல்லாம் அதில் இருந்தன. எதையும் நான் திருத்தவில்லை. முடித்துவிட்டு, "இப்ப நீ" என்றாள்.

வாயைத் திறந்தேன். "நான்" என்று வந்தது. அதற்கு மேல் வரக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மா வாளியில் கையை வைத்தபடி, துணியை அலசாமல் காத்திருந்தாள்.