எழுதாமல் விட்ட ஒன்பதாவது சுற்று

போன வருடம் ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு புதன்கிழமை காலை. சைதாப்பேட்டையில், ஆட்டோகூட நுழைய முடியாத ஒரு சந்துக்குள் இருக்கும் மாடி வீட்டில் இது நடந்தது. நடந்தது என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, மூன்று பேர் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினோம், அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டுப் படியை ஏறினபோது இருந்த மனுஷியாக நான் இறங்கி வரவில்லை.

நான் மயிலாப்பூர்க்காரி. முப்பத்து நாலு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு ஸ்டெப் விட்டுப்போனாலும் முழு மார்க்கையும் வெட்டிவிடுவேன் என்று பிள்ளைகளிடம் எனக்குக் கெட்ட பெயர் உண்டு. அப்படிப்பட்டவள் பதினைந்து வரை ஒழுங்காக எண்ணாமல் ஒரு உயிர் போகக் காரணமாக இருந்தேன் என்பது அந்தப் பிள்ளைகள் யாருக்கும் தெரியாது.

எனக்கு இருபத்தொரு வயது இருக்கும்போது நடந்தது அது. என் அண்ணனுக்கு பைக் பந்தயப் பைத்தியம். அப்போதெல்லாம் ஒரு மலை வாசஸ்தலத்தில், சீசன் முடியும் தறுவாயில், ஏரியைச் சுற்றிப் போகும் ரோட்டையே ஒரு நாள் அடைத்துப் பந்தயம் வைப்பார்கள். சீசன் கூட்டம் இன்னும் நாலு நாள் தங்கட்டும் என்று லாட்ஜ்காரர்கள் கிளப்பிவிட்ட யோசனை என்று சொல்வார்கள். குதிரைகளை ஓரமாகக் கட்டிவிட்டு, படகுகளை நிறுத்திவிட்டு, வளைவுகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கினால் பந்தயத் தடம் தயார். சென்னையிலிருந்து பையன்கள் பைக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஏழெட்டு வருடம் அமோகமாக நடந்தது. இப்போது போனால் அங்கே வேகத்தடைகளும் சோளக்கதிர் வண்டிகளும்தான் இருக்கின்றன.

எத்தனை சுற்று முடிந்தது என்று குறிக்கும் வேலையை, பந்தயம் ஓட்டுகிறவர்களின் வீட்டுப் பெண்களிடம்தான் கொடுப்பார்கள். ஆண்கள் எழுந்து நின்று விசிலடிக்கப் போய்விடுவார்கள், பெண்கள்தான் உட்கார்ந்து எழுதுவார்கள் என்று நம்பிக்கை. நான் பி.எஸ்ஸி. கணக்கு படித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மேஜை போட்டு, ஸ்வெட்டரைப் போர்த்தி, என்னை உட்கார வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு வண்டி கோட்டைத் தாண்டும்போதும் அதன் எண்ணையும் பக்கத்தில் கடிகார நேரத்தையும் குறிக்க வேண்டும். என்னுடைய தாளைப் பார்த்துத்தான் முடிவில் கொடி காட்டுவார்கள். மொத்தம் பதினைந்து சுற்று.

அந்த வருடம் இரண்டு பேர் மட்டும் ஒருவரையொருவர் விடாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஒரு சுற்றுக்கு மேல் பின்னால். அந்த இருவரில் ஒருவர் சைதாப்பேட்டைப் பையன். இருபத்து நாலு வயது. அப்பா இல்லாத வீட்டில் அம்மா இட்லிக்கடை வைத்து வளர்த்த மூத்த பிள்ளை. அவருடைய வண்டியைத் தயார் செய்தது பக்கத்துத் தெரு நண்பர். அப்போது ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் மெக்கானிக். அவரும் ஓரமாக நின்று சுற்றுகளை எண்ணி, ஒரு சிலேட்டில் எழுதி, நண்பர் கடக்கும்போது தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது சுற்றில் என் அண்ணனின் வண்டி இருமிக்கொண்டே வந்து என் மேஜைக்கு எதிரேயே நின்றுவிட்டது. நான் பதறி எழுந்து நின்று, என்ன ஆச்சு என்று கேட்டேன். அந்த நேரத்தில்தான் முன்னால் இருந்த இருவரும் பனிக்குள்ளிருந்து வந்து கடந்து போனார்கள். சத்தம் என் காதில் விழுந்தது. எழுத மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதையும் மறந்துவிட்டேன்.

பதினாலாவது சுற்று முடிந்தபோது அந்த மெக்கானிக் கடைசிச் சுற்று என்று சிலேட்டைக் காட்டிவிட்டு, கொடியை எடுத்து வைக்கச் சொல்ல எங்களிடம் ஓடி வந்தார். கொடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்து, பதிமூன்றுதான் ஆகியிருக்கிறது, இன்னும் இரண்டு பாக்கி என்றேன்.

"இல்லம்மா, பதினாலு ஆயிடுச்சு. நான் எண்ணிகினே கீறேன்" என்றார் அவர்.

கொடிக்காரர் சிரித்தார். "அந்தப் பொண்ணு காலேஜ்ல கணக்குப் படிக்குது. உனக்கு எண்ணத் தெரியுமா? தள்ளிப் போய்யா."

பக்கத்தில் எழுதியிருந்த நேரத்தை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்திருந்தால் போதும். நாலு நாலு நிமிடமாக வருவது ஒரே ஒரு இடத்தில் எட்டு நிமிடமாகத் தாவியிருக்கும். நான் பார்க்கவில்லை. எனக்குத் தப்பு வராது என்கிற கொழுப்பு. அழுக்குச் சட்டை போட்ட ஒருவர் என்னைத் திருத்த வருகிறாரே என்கிற எரிச்சலும் இருந்தது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை வயது ஆக வேண்டியிருந்தது.

அடுத்த தடவை அந்தப் பையன் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார். சிலேட்டை நம்பி, முடிந்துவிட்டது என்று ஒரு கையைத் தூக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். கொடி இறங்கவில்லை. போ, போ என்று எல்லாரும் கையை ஆட்டினார்கள். பின்னால் வந்தவர் அவரைத் தாண்டிப் போய்விட்டார். பையன் திகைத்துப்போய், குனிந்து, ஆவேசமாக விரட்டிக்கொண்டு போனார். படகுத்துறை வளைவு எப்போதும் நிழலில் ஈரமாக இருக்கும். அதற்குள் அந்த வேகத்தில் போகவே கூடாது. கல் சுவரில் மோதினார். தூக்கிக்கொண்டு வரும்போதே உயிர் இல்லை.

அன்று சாயங்காலம் லாட்ஜில் தாளை நகல் எடுக்கும்போது அந்த எட்டு நிமிடம் கண்ணில் பட்டது. அண்ணனிடம் காட்டினேன். அவன் அதை மடித்துத் தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டான். "இப்போ சொன்னா அவன் எழுந்து வந்துடப்போறானா? உன்னைக் கோர்ட்டுக்கு இழுப்பா. யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றான். அவன் மிரட்டியதால் நான் சும்மா இருந்தேன் என்று சொன்னால் அது பொய். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் அந்த ஊரில் பந்தயமே கிடையாது. சிலேட்டு பிடித்தவன் தப்பாக எண்ணிக் காட்டியதால்தான் பையன் வேகத்தைக் குறைத்தான், அதனால்தான் வெறிபிடித்து விரட்டினான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம், குழந்தைகள். நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அண்ணனும் போய்ச் சேர்ந்தான்.

போன வருடம் அவனுடைய பழைய பந்தய நண்பர்கள் அடையாறில் கூடி, அந்த ஏரிச் சுற்றின் வரலாற்றை ஒரு மலராகப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். தாள்களெல்லாம் உங்கள் வீட்டில்தானே இருக்கும், நீங்களே எழுதுங்கள் என்று என் தலையில் கட்டினார்கள். மறுத்திருக்கலாம். ஏனோ முடியவில்லை. உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்துப் பேசிக் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். அப்படித்தான் அந்த மெக்கானிக்கின் வீட்டு விலாசம் கிடைத்தது.

முதல் தடவை போனபோது அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வரலாறு எழுத வந்த டீச்சர் என்று மரியாதையாக நாற்காலி போட்டு, காபி கொடுத்து, ஒவ்வொரு வளைவையும் கையாலேயே வரைந்து காட்டினார். எந்த இடத்தில் கியரை மாற்ற வேண்டும், எந்த மரத்தைப் பார்த்து பிரேக் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் நேற்று ஓட்டிய மாதிரி சொன்னார். கடைசிப் பந்தயம் பற்றிக் கேட்டதும் சிரித்துக்கொண்டே, "நான் எண்ணுனா தப்பாப் பூடும்மா" என்றார்.

அவர் உள்ளே போனபோது அவர் மனைவி எனக்குத் தணிந்த குரலில் மீதியைச் சொன்னார். எஞ்சினைப் பிரித்தால் நட்டுகளை இவர் எண்ணமாட்டாராம். கூட வேலை செய்கிறவர்கள்தான் எண்ண வேண்டும். பத்திரிகை வைக்கப் போனாலும், இலை போட்டுப் பந்தி நடத்தினாலும், எத்தனை என்று இவரிடம் யாரும் கேட்கமாட்டார்கள். சொந்தமாகப் பட்டறை வைக்க ஒருவர் இடம் கொடுத்தும், எனக்கு வேண்டாம், நான் தப்புப் பண்ணிடுவேன் என்று கடைசி வரை கூலிக்கே வேலை பார்த்திருக்கிறார். செத்துப்போன பையனின் அம்மா இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். எண்ணத் தெரியாதவனை நம்பி என் பிள்ளையை அனுப்பினேனே என்று மண்ணை வாரித் தூற்றியவர், அதற்கப்புறம் இவரைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொள்வாராம். எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த அம்மாள் இறந்தபோது இவர் ஓடிப்போய்ப் பாடைக்குத் தோள் கொடுக்கக் குனிந்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் விடவில்லை.

நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகுதான் அந்தப் புதன்கிழமை, தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எதுவும் வாயில் வரவில்லை. தாளை அவர் முன்னால் வைத்து, ஒன்பதாவது சுற்று இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து, இது நான் எழுதியது, இங்கே ஒன்று விட்டுப்போய்விட்டது, நீங்கள் எண்ணியதுதான் சரி என்றேன். அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த பெண் நான்தான் என்றும் சொன்னேன். அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்களின் மேல் விரல் போகும், பாதியில் நின்றுவிடும். மனைவியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். அந்த அம்மாள் நேரங்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். எட்டு நிமிட இடம் வந்ததும் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"அப்ப அவன் கோட்டத் தாண்டி கைய தூக்கச்சொல்லவே ஜெயிச்சுட்டானா?" என்று கேட்டார் அவர்.

ஆமாம் என்றேன். விதிப்படி பந்தயம் அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஓட்டியிருக்கவே வேண்டியதில்லை.

அவர் அழவில்லை. அவர் மனைவிதான் அழுதார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். "இத அப்பவே சொல்லியிருந்தா இந்த மனுசன் தலை நிமிந்து நடந்திருப்பாரேம்மா. பெத்த புள்ளைங்களுக்கு ஒன்னு ரெண்டுகூட இவரு சொல்லிக் குடுத்ததில்லம்மா" என்றார்.

நான் காலில் விழப் போனேன். அவர் சட்டென்று எழுந்து நகர்ந்துகொண்டார். வேண்டாம்மா, பெரியவங்க நீங்க என்றார். என்னைவிட அவருக்கு நாலைந்து வயது அதிகம் இருக்கும். மலரில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், உங்கள் மேல் தப்பில்லை என்று ஊருக்கே தெரியட்டும் என்றேன். அவர் தாளை மடித்து உறைக்குள் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"யாருக்குமா தெரியணும்? அவனப் பெத்த அம்மா உசுரோட இருக்கச்சொல்ல வந்து சொல்லியிருக்கலாமே."

அந்த அம்மாள் முப்பத்தைந்து வருடம் அங்கேதான் இருந்தார். மயிலாப்பூரிலிருந்து சைதாப்பேட்டைக்கு எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் அரை மணி நேரம். அவர் என்னைச் சந்து முனை வரை கொண்டுவந்து விட்டு, தண்ணி நிக்குது, பார்த்துப் போங்கம்மா என்றார்.

நான் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். மலர்க்குழுவில் இருந்தவர்கள், பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது, கொண்டாட்ட மலரில் இதெல்லாம் எதற்கு என்று அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, பனிமூட்டத்தால் ஏற்பட்ட விபத்து என்று ஒரு வரி போட்டுக்கொண்டார்கள். நான் சண்டை போட்டேன், என் பெயரை எடுக்கச் சொன்னேன். பெயரை மட்டும் எடுத்தார்கள். ஒரு பிரதியைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் தைரியம் எனக்கு இல்லை.

இங்கே யார் பெயரையும் சொல்லாமல்தான் எழுதியிருக்கிறேன், அதனால் இதைப் படித்துவிட்டு அவருடைய தெருவில் ஒருவர்கூட அவரை வேறு மாதிரி பார்க்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகிவிடும் என்பார்கள். கேட்க வேண்டிய தாய் போன பிறகு சொன்ன உண்மை எனக்கு அப்படி எதையும் செய்யவில்லை, செய்யவும் கூடாது.