உள்ளங்காலில் மருந்து எப்படிப் படும்?

மாரியாத்தாளை நம்பியிருக்கும் எல்லோருக்கும் ராசிங்காபுரத்திலிருந்து ஒருத்தி சொல்கிறேன்.

போன ஆடியில் எனக்கு எட்டாம் மாதம். தலைச்சன் பிள்ளை. திடீரென்று உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்க ஆரம்பித்தன. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. அரிப்பு மட்டும் எலும்புக்குள்ளிருந்து வருவது போல வரும். சிமெண்டுப் படியில் காலைத் தேய்த்துத் தேய்த்து ரத்தமே வந்துவிட்டது. தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. செத்தால் தேவலை என்றுகூட அழுதிருக்கிறேன்.

எங்கள் பக்கம் அரிப்புக்குக் காரணம் தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போய் வருகிறவர்கள் நாங்கள். பூச்சிமருந்து அடித்த செடியில் காய் எடுத்தால் எல்லோருக்கும்தான் அரிக்கும். என் மாமியாரும் அதைத்தான் சொன்னார்.

“மருந்தடிச்ச காட்டுல நின்ன ஒடம்பு, அரிக்கத்தான செய்யும். தேங்காயெண்ணெயத் தேயி.”

“நான் வேலைய விட்டு மூணு மாசமாச்சே அத்தை?”

“ரத்தத்துல ஏறிருச்சுன்னா லேசுல விடுமா?”

எனக்கு ஒரு பழக்கம். ஒரு விஷயம் பிடிபடும் வரை வாய் சும்மா இருக்காது. தோட்டத்தில் அட்டைக்குப் பயந்து பூட்ஸ் போட்டுத்தான் நிற்போம். அப்புறம் உள்ளங்காலில் மருந்து எப்படிப் படும்? இலை உரசுகிற கழுத்தும் முழங்கையும் ஏன் அரிக்கவில்லை? ஜீப் ஓட்டும் என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். “வக்கீலுக்குப் படிக்க வேண்டியவ, ஏலக்காய் எடுக்க வந்துட்ட” என்றார்.

மாதச் சோதனைக்குப் போனபோது இங்கேயும் சிரிப்பார்களோ என்று இவ்வளவையும் சொல்லாமல், அரிக்கிறது என்று மட்டும் சொன்னேன். வயிற்றுத் தோல் விரிவதால் அரிக்கும் என்று களிம்பு கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை போடியில் மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். குணமாக்கு என்று நான் கேட்கவில்லை. “ஆத்தா, சரி பண்றதெல்லாம் அப்புறம். இது என்னன்னு மொதல்ல சொல்லு” என்றுதான் கேட்டேன்.

தீர்த்தம் வாங்கக் கையை நீட்டினேன். பக்கத்தில் நின்ற ஓர் அக்கா என் உள்ளங்கைக் கீறல்களையே பார்த்தார். அதுவரை நான் பார்த்தறியாத முகம்.

“கை மட்டுந்தானா, காலுமா?”

“உள்ளங்காலுந்தாங்க்கா.”

“ஒண்ணுக்கு நல்லா மஞ்சளாப் போகுதா?”

தலையாட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“எனக்கும் இப்பிடித்தான் அரிச்சுச்சு தாயி. காட்டு மருந்துன்னு நெனச்சு எண்ணெயத் தேச்சுக்கிட்டுக் கெடந்தேன். புள்ள வயித்துலயே அசையாமப் போயிருச்சு. அப்புறந்தான் ஈரல் கோளாறுன்னு சொன்னாங்க. வெரசாக் கெளம்பு.”

அப்படியே அவரோடு தேனிக்குப் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் ஈரலுக்கான ரத்தச் சோதனை எடுத்தார்கள். காமாலைக் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலிலிருந்து பித்தநீர் சரியாக இறங்காமல் ரத்தத்தில் தேங்குகிறது என்றார் டாக்டரம்மா. கர்ப்பத்தில் சிலருக்கு வருமாம். தாய்க்கு அரிப்பு, பிள்ளைக்கு உயிராபத்து.

அந்த நிலைமையிலும் நான் விடவில்லை. “கையும் காலும் மட்டும் ஏன் டாக்டரம்மா இப்பிடி அரிக்குது?”

அவர் சிரித்துவிட்டார். “அது எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாதும்மா.”

அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பை அடிக்கடி பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் கேட்கும் வரை எனக்கு மூச்சு வராது. ரத்தத்தில் பித்தம் ஏறிக்கொண்டே போனதால், மாதம் நிறையும் முன்பே வலி வரவைத்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. வந்ததும் வீறிட்டு அழுதாள். நானும் அழுதேன். சில நாளில் அரிப்பு இருந்த இடமே தெரியவில்லை. அடுத்த பிள்ளைக்கும் இது வரலாம், ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று டாக்டரம்மா எச்சரித்து அனுப்பினார்.

தீட்டுக் கழிந்ததும் மகளை ஆத்தா சந்நிதியில் கிடத்தினேன். அந்த அக்காவும் வந்திருந்தார். நெடுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

“அன்னைக்கு நீங்க என்ன வேண்டிக்கிட்டு வந்தீங்கக்கா?”

“வேண்ட வரல. எம்புள்ளைய ஏன் எடுத்தன்னு இவகிட்ட சண்ட போட வந்தேன்.”

“பதில் சொன்னாளா?”

“இல்ல” என்றார். “புள்ளையக் கொடு” என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்குக் கிடைத்த பதில் அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? எனக்குத் தெரியவில்லை. வெள்ளிதோறும் அவருக்காகவும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் ஜீப்பில் வாயும் வயிறுமாக யார் ஏறினாலும், உள்ளங்கை அரிக்கிறதா என்று கேட்காமல் விடுவதில்லை. அரிக்கிறது என்றால் ரத்தச் சோதனைக்கு அனுப்பிவிடுகிறேன்.

நீங்களும் ஆத்தாளிடம் வாருங்கள். கும்பிடத்தான் வர வேண்டும் என்றில்லை. கோபம் இருந்தால் கோபத்தோடே வாருங்கள். அந்த அக்கா சண்டை போட வந்த இடத்தில்தான் என் மகள் பிழைத்தாள்.