கசங்கிய விரிப்பு

கடுகு என்றுதான் அவளுக்கு வீட்டில் பெயர். தங்கும் விடுதியில் அறை அறையாகச் சுத்தம் செய்து படுக்கை விரிப்பவள். விடுதி மேனேஜர் முதல் பால்காரர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. அதனால் தங்கை, தன் இரண்டு பிள்ளைகளை அவளோடு அனுப்பும்போதே சொல்லிவிட்டாள்: “இன்னிக்கு எங்கயாவது சண்டை போட்டே, இனிமே இவங்களை உன்கூட அனுப்பவே மாட்டேன்க்கா.”

கடுகுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. தலையாட்டினாள்.

அலங்காரக் கலை அருங்காட்சியகத்தின் வாசலிலேயே காவலர் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டார். நாற்காலி அறையிலும் அவருடைய பூட்ஸ் சத்தம், பீங்கான் அறையிலும் அதே சத்தம். கேமராவும் கையுமாக வந்திருந்த குடும்பத்துப் பையன் கண்ணாடிப் பெட்டியில் உள்ளங்கையை அப்பியபோது சிரித்தார். சின்னவன் மூக்கைச் சொறிந்தாலோ, “தொடாதே!”

“மூக்கு அவனோடதுதானே பெரியம்மா?” என்றாள் பெரியவள்.

“பேசாம வா.” கடுகின் காதுமடல் சிவந்துவிட்டது.

கடைசி அறையில் புதுமாதிரியான ஒரு கட்டில். மேலே வெள்ளை விரிப்பு, நடுவில் கசங்கி, ஒரு மூலை சரிந்து கிடந்தது. ‘எதையும் தொடக் கூடாது’ என்று காலையிலிருந்து பிள்ளைகளை அதட்டிய கடுகு, சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு மேல் எக்கி, மூலையை மெத்தைக்கு அடியில் செருகி, விரிப்பை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். கை வேலையை முடித்த பிறகுதான் புத்திக்கு உறைத்தது.

“ஏம்மா, அறிவிருக்கா? அது கசங்கித்தான் இருக்கணும், அதுதான் டிசைன்! பெருக்கித் துடைக்கிற புத்தி எங்க போகும்!” விரித்த விதத்திலேயே அவள் வேலையைக் கண்டுகொண்ட காவலர் கத்தினார்.

தப்பு தன்னுடையது என்பதால் இன்னும் எரிந்தது. வசவு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சின்னவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். விழுங்கினாள்.

பெரியவள் இடுப்பில் கை வைத்தாள்.

“தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. புத்தியை ஏன் இழுக்கறீங்க? எங்க பின்னாடியே சுத்தினீங்களே, அந்தக் கேமராக்காரங்க பின்னாடி ஒரு தடவையாவது போனீங்களா? கூப்பிடுங்க உங்க மேனேஜரை!”

அச்சு அசல் கடுகின் குரல். அறையே திரும்பிப் பார்த்தது. காவலர் குனிந்து கயிற்றைச் சரிசெய்யத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கடுகு செருப்பை மூலையில் வீசினாள்.

“சண்டை போட்டியாக்கா?”

“போடலை. அந்த எரிச்சல்தான் தாங்கலை.”

தங்கை தன் மகளைப் பார்த்தாள். அவள் இடுப்பிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை.

“அடுத்த தடவை நானும் வரேன்,” என்றாள் தங்கை. “உங்க ரெண்டு பேரையும் தனியா வெளிய விடறதுக்கில்லை.”